எழுப்ப ஆளில்லாத இடத்தில்...



ஜூன் மாதம் வந்தாலே நம்முடைய வீடுகளில் ஒரு பரபரப்பு வந்துவிடுகிறது. புது நோட்டுகளுக்குப் பிரவுன் அட்டை போடுகிறோம். லேபிள் ஒட்டுகிறோம். போன வருஷத்துப் பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டதா என்று அளந்து பார்க்கிறோம். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, பேனாவையும் புஸ்தகத்தையும் கையில் கொடுத்து ஜெபிக்கிறோம். நல்லதுதான். ஆனால் மறுநாள் திங்கட்கிழமை காலை நம்முடைய வீடுகளில் என்ன நடக்கிறது?

"எலேய், எந்திரில! மணி என்ன ஆச்சு?"

இந்தச் சத்தம் கேட்காத வீடு உண்டா? அதிலும் ஆண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில்? இந்தச் சத்தத்தைப் பல வருஷங்கள் போட்ட தகப்பன் ஒருவன் இதை எழுதுகிறேன். நான் தவறிப்போன இடத்தைச் சொன்னால், உங்களில் ஒருவராவது அதில் விழாமல் தப்பிக்கலாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நடந்த சம்பவம்

என் மூத்த மகன் பத்தாம் வகுப்பு படிக்கும்போது காலை நாலரை மணிக்கு எழும்புவான். சபையில் எல்லாருக்கும் இது தெரியும். "உங்க பையன் மாதிரி எங்க வீட்டுல ஒண்ணு இல்லையே பிரதர்" என்று சொல்லுவார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை. நாலரைக்கு எழும்பி, ஜெபித்து, ஆறரை வரை படித்து, குளித்து, சாப்பிட்டுப் போவான். பன்னிரண்டாம் வகுப்பு முடிய மூன்று வருஷம் இப்படியே போயிற்று. நல்ல மார்க்கும் வாங்கினான். வெளியூரில் ஒரு காலேஜில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு, ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அட்டெண்டன்ஸ் குறைவு, பரீட்சை எழுத விடுவது சிரமம் என்று எழுதியிருந்தது. அன்று ராத்திரியே பஸ் ஏறினேன். ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பதே முக்கால். அறைக் கதவு திறந்தே கிடந்தது. மற்றப் பையன்கள் வகுப்புக்குப் போய்விட்டார்கள். என் மகன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். போன் தலைமாட்டில் கிடந்தது.

எழுப்பினேன். திடுக்கிட்டு உட்கார்ந்தான். கோபத்தில் எனக்குக் கை நடுங்கியது. "வீட்ல நாலரைக்கு எந்திரிச்ச பையன்தானல நீ! இங்க வந்து என்ன ஆச்சு உனக்கு?" என்றேன்.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்: "அலாரம் வைக்கத்தான்ப்பா செய்யுதேன். அடிக்கும், அணைச்சிட்டுப் படுத்துருவேன். வீட்ல நீங்க ரெண்டாவது, மூணாவது தடவை வந்து சத்தம் போடுவீங்க. இங்க யாரும் வரமாட்டாங்கல்ல."

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று வருஷமாக நாலரை மணிக்கு எழும்பினது யார்? நான்தான்! நாலு மணிக்கே விழித்து, முதல் தடவை மெதுவாகவும், இரண்டாம் தடவை சற்று உரக்கவும், மூன்றாம் தடவை போர்வையை உருவிக்கொண்டும் கூப்பிட்டவன் நான். என் மனைவி அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டு, பிரஷ்ஷில் பேஸ்ட்டும் வைத்துக் கொடுப்பாள். எழும்புகிற பழக்கம் எங்கள் இரண்டு பேருக்கும் வந்தது. அவனுக்கு வந்த பழக்கம் வேறொன்று. முதல் சத்தத்துக்கு எழும்ப வேண்டியதில்லை, மூன்றாவது சத்தம் வரும் என்று காத்திருக்கிற பழக்கம். அதை அவனுக்கு ஆயிரம் நாள் விடாமல் கற்றுக்கொடுத்தவன் நானே.

கட்டாயத்தினால் செய்வது நன்மையா?

இங்கே ஒரு கேள்வி எழும்புகிறது. சற்றுப் பொறுமையாகச் சிந்திப்போம். ஒரு பையன் பயத்தினால் நல்லதைச் செய்கிறான். அது அவனுடைய நன்மையா, பயமுறுத்தினவருடைய நன்மையா? தானாகச் செய்யாததை அவனுடைய குணம் என்று சொல்லலாமா? அப்படியானால் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தவே கூடாதா?

இது பழைய கேள்வி. ஏறக்குறைய 2,300 வருஷங்களுக்கு முன் கிரேக்க தேசத்தில் வாழ்ந்த அரிஸ்டாட்டில் என்ற ஞானி, நற்குணம் பிறவியில் வருவதல்ல, செய்யச் செய்யத்தான் வரும் என்று போதித்தார். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவன் கொத்தனாராகிறான். அதுபோல நியாயமானதைச் செய்து செய்துதான் நியாயமுள்ளவனாகிறான். ஆகவே சிறு வயதிலேயே பழக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். 18-ம் நூற்றாண்டில் வாழ்ந்த இம்மானுவேல் காண்ட் என்ற தத்துவ ஆசிரியர் மறுபக்கத்தைச் சொன்னார். வெறும் பழக்கத்தினால் செய்கிற நல்ல செயலுக்கு ஒழுக்க மதிப்புக் குறைவு, ஏனென்றால் அங்கே மனிதன் சுயாதீனமாகத் தீர்மானிக்கவில்லை என்பது அவருடைய எண்ணம். இத்தனைக்கும் அவரே கடிகாரம்போல ஒழுங்காக வாழ்ந்தவர் என்று பேர் வாங்கினவர்!

இதில் யார் சொல்வது சரி? இரண்டிலும் பாதி சத்தியம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பல் தேய்க்க வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் தானாகத் தீர்மானித்துப் பிறப்பதில்லை. எந்தப் பாஷை பேச வேண்டும் என்று நாம் அவனிடம் கேட்கவுமில்லை. சின்ன வயதில் நாம்தான் ஆரம்பித்துவைக்க வேண்டும். அது பாவமல்ல, நம்முடைய கடமை. ஆனால் ஆரம்பித்ததை முடித்துக் கைமாற்றிக் கொடுப்பதும் கடமைதானே!

வீட்டுக்குத் தளம் போடுகிறதைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் சென்ட்ரிங் பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, அதன்மேல் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். தளம் இறுகும் முன்பே பலகையைப் பிரித்தால் எல்லாம் தலையில் விழும். அதற்காகக் கடைசிவரை பிரிக்காமலே விட்டால்? அந்த வீட்டில் யாரும் குடியிருக்க முடியாது. அறை முழுக்க முட்டுக் கம்புதான் நிற்கும். தளம் இறுகிற்றா இல்லையா என்பதும் தெரியாது. என் மகன் விஷயத்தில் நான் பலகையைப் பிரிக்கவேயில்லை. ஹாஸ்டல்தான் ஒரே நாளில் பிரித்துப்போட்டது.

முதல் சத்தத்துக்கே எழும்பின பையன்

வேதத்தில் சாமுவேலின் சரித்திரம் நமக்கெல்லாம் தெரியும். சீலோவில் ஏலியினிடத்தில் வளர்ந்த அந்தச் சிறுவன், ராத்திரியில் சத்தம் கேட்டபோது ஒவ்வொரு முறையும் முதல் சத்தத்துக்கே எழும்பி ஓடினான். இரண்டாம் தடவை கூப்பிடட்டும் என்று புரண்டு படுக்கவில்லை! அது எப்படி வந்தது? நான் பல தடவை வாசித்தும் கவனிக்காமல் விட்ட ஒரு காரியம் அதே அதிகாரத்தில் இருக்கிறது. காலையில் கர்த்தருடைய ஆலயத்தின் கதவுகளைத் திறக்கிறவன் அந்தப் பையன்தான். அவனுக்கு ஒரு வேலை இருந்தது.

அதே சீலோவில் ஏலியின் குமாரர் ஓப்னியும் பினெகாசும் இருந்தார்கள். ஆலயத்தின் ஒழுங்குகளுக்குள் இருந்தவர்கள்தான். ஆனாலும் கெட்டுப்போனார்கள். ஒழுங்கு மாத்திரம் ஒருவனை நல்லவனாக்கிவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ? ஒழுங்கு மற்றவனுக்கு உபயோகப்பட வேண்டும். அவர்களோ ஜனங்கள் கொண்டுவந்ததைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளத்தான் அந்த ஒழுங்கை உபயோகித்தார்கள்.

எழுப்பாமலே எழும்பினவள்

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது என் இருதயத்தில் ஒரு காரியம் குத்தியது. எனக்கு நடுவில் ஒரு மகள் உண்டு. அவளை நான் எழுப்பினதாக எனக்கு ஞாபகமே இல்லை! மூத்தவனுக்கு டீ போடும் நேரத்தில் அவளும் எழும்பியிருப்பாள். குழாயில் தண்ணீர் பிடிப்பாள், பாயைச் சுருட்டுவாள், அண்ணனுடைய யூனிபாரத்துக்கு இஸ்திரி போடுவாள். பிறகுதான் தன் புஸ்தகத்தை எடுப்பாள். காலேஜுக்கு வெளியூர் போனபோதும் ஒரு நாள்கூடப் பிந்தினதில்லை.

அவளை யாரும் பழக்கவில்லை. தான் எழும்பாவிட்டால் வீட்டில் தண்ணீர் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

"பாருங்கள், பெண்பிள்ளை எவ்வளவு பொறுப்பு!" என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்க எனக்கு இப்போது வெட்கமாயிருக்கிறது. ஏன் தெரியுமா? மூத்தவனுடைய 'நல்ல பழக்கம்' முழுவதும் தாயின் தூக்கத்தையும் தங்கையின் நேரத்தையும் எடுத்துக் கட்டினது. இரண்டு பேருக்கும் அது அநியாயம். அவளுடைய படிப்பு நேரம் போயிற்று. அவனுக்கோ பொறுப்பை அறிகிற வாய்ப்பே போயிற்று. இது எங்கள் வீட்டுக் கதை மாத்திரமல்ல. 2019-ல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் அன்றாடம் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்வதாகவும், ஆண்களில் 26 பேர்தான் செய்வதாகவும் தெரிந்தது. அப்படிச் செய்கிறவர்களிலும் பெண்கள் சராசரியாக நாளுக்கு 299 நிமிஷமும் ஆண்கள் 97 நிமிஷமும் செய்தார்கள். இந்த வித்தியாசம் எங்கே ஆரம்பிக்கிறது? "ஆம்பளப் பிள்ளை, அவனுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று நாம் சொல்லுகிற வார்த்தையிலே ஆரம்பிக்கிறது.

ஆகவே என் மனதில் ஒரு அளவுகோல் உண்டாயிற்று. ஒரு பையனுடைய ஒழுங்கு இன்னொருவருடைய முதுகில் ஏறிக்கொண்டு நடக்குமானால், அது எவ்வளவு அழகாயிருந்தாலும் ஆரோக்கியமான பழக்கமல்ல.

சின்னவனிடம் மாற்றிக்கொண்டவை

எனக்கு இன்னொரு மகன் உண்டு. இப்போது எட்டாம் வகுப்பு. அவனிடத்தில் நாங்கள் செய்து பார்த்தவற்றைச் சொல்லுகிறேன். உங்கள் வீட்டுக்குத் தகுந்தபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

1. தூக்கம். மூத்தவன் பதினொரு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழும்பினான். ஐந்தரை மணி நேரம்! அதைப் பக்தி என்றும் பிரயாசம் என்றும் நினைத்தேன். 2016-ல் அமெரிக்கத் தூக்க மருத்துவர் சங்கம் ஆராய்ந்து சொன்னபடி 6 முதல் 12 வயது பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும். இன்னொன்றும் உண்டு. தூக்கத்தை வரவழைக்கிற மெலட்டோனின் என்ற சுரப்பு, வாலிப வயதுக்குள் நுழைகிற பிள்ளைகளுக்கு ராத்திரியில் பிந்தித்தான் சுரக்கிறது. சீக்கிரம் தூக்கம் வராததும் காலையில் கண் திறக்காததும் பாதி சரீரத்தின் காரியம். 'சோம்பேறி' என்று நான் திட்டினதெல்லாம் சோம்பலுக்காக மட்டும் அல்ல என்று இப்போது விளங்குகிறது. சின்னவன் ஒன்பதரைக்குப் படுத்து ஐந்தே முக்காலுக்கு எழும்புகிறான். லீவில் தாறுமாறாய்ப் போன தூக்கத்தை ஒரே நாளில் திருப்ப முடியாது. பள்ளி திறக்கிறதற்கு பத்து நாள் முன்பே தினமும் கால் மணி நேரமாக முன்னுக்குக் கொண்டுவந்தோம்.

2. போன். ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போனும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜில் போட வேண்டும். எல்லாப் போனும் என்றால் என் போனும்தான்! இதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாயிருந்தது. இரண்டாம் நாளே "ஒரு முக்கியமான மெசேஜ்" என்று எடுத்தேன். சின்னவன் ஒன்றும் சொல்லாமல் பார்த்தான். திரும்ப வைத்துவிட்டேன்.

3. டைம்பீஸ். கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் அவனையே ஒரு டைம்பீஸ் தெரிந்தெடுக்கச் சொன்னேன். "இனிமே நான் எழுப்பமாட்டேன் தம்பி. ஒரே ஒரு தடவை கூட எழுப்பமாட்டேன். நீதான் வைக்கணும், நீதான் எந்திரிக்கணும்" என்றேன். அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்காமல், எழும்பி நடந்து போய் அணைக்கிற தூரத்தில் அலமாரியில் வைக்க வேண்டும் என்று அவனே கண்டுபிடித்தான்.

4. ஒரு வேலை. காலையில் கீழே இறங்கிப்போய்த் தண்ணீர் மோட்டார் போடுவதும், தொட்டி நிறைந்ததும் அணைப்பதும் அவன் பொறுப்பு. அவன் போடாவிட்டால் யாரும் போடமாட்டோம். சாப்பிட்ட தட்டை அவன்தான் கழுவ வேண்டும், டிபன் பாக்ஸையும் சாயங்காலமே கழுவி வைக்க வேண்டும். முதல் வாரம் என் மனைவியால் பொறுக்க முடியவில்லை. "பாவம், குடுய்யா நான் கழுவுறேன்" என்று கையை நீட்டுவாள். நான் ஜாடை காட்டுவேன்.

5. காலைச் சாப்பாடு. வெறும் வயிற்றோடு போகிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது. நம்முடைய மாநிலம் இதை அனுபவத்தில் அறிந்தது. 1956-ல் காமராஜர் காலத்தில் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவு என்று விரிந்தது. 2022 செப்டம்பரில் அரசு தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு பிள்ளைகளுக்குக் காலை உணவும் மதுரையில் தொடங்கப்பட்டது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை நேரமில்லை என்று சாப்பிடாமல் ஓடுவதற்கு நாம் என்ன சாக்குச் சொல்லுவோம்? சீக்கிரம் எழும்பினால் உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட நேரம் தானாக வரும்.

தவறவிடுவது அன்பா?

மூன்றாம் வாரம் சோதனை வந்தது. டைம்பீஸ் அடித்தது, அணைந்தது, அப்புறம் சத்தமில்லை. மணி ஆறு, ஆறேகால், ஆறரை. நான் ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். தொட்டியில் தண்ணீர் இல்லை. என் மனைவி வந்து, "எழுப்பிருங்க, பஸ் போயிரும். பிள்ளைய இப்படியா விடுவீங்க?" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். நானும் இரண்டு தடவை எழும்பி, இரண்டு தடவை உட்கார்ந்தேன். ஏழேகாலுக்கு அவன் பதறி எழும்பினான். ஸ்கூல் பஸ் போய்விட்டது. என் பைக் வாசலில் நின்றது. "டவுன் பஸ்ல போ தம்பி" என்று சில்லறை கொடுத்தேன். அசெம்பிளிக்குப் பிந்திப் போய் வெளியில் நின்றானாம். சாயங்காலம் என்னிடம் பேசவில்லை.

நான் செய்தது கடினமா? தெரிந்தும் ஒரு பிள்ளையைத் தவறவிடுவது அன்புக்கு விரோதமல்லவா என்று அன்று ராத்திரி முழுவதும் யோசித்தேன். நான் கண்டது இது. தகப்பன் வீட்டில் இருக்கும்போது இழக்கிறது ஒரு பஸ். தூரதேசத்தில் இழக்கிறது ஒரு வருஷம். சின்ன நஷ்டத்தை மறைத்து மறைத்துப் பெரிய நஷ்டத்துக்கு வட்டி சேர்க்கிறோம். ஆனாலும் எல்லாவற்றிலும் விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. காய்ச்சல் நாள், பரீட்சை நாள், ஆபத்தான காரியம் இவைகளில் தகப்பன் கை நீட்டத்தான் வேண்டும். பிள்ளை தாங்கக்கூடிய நஷ்டம் எது, தாங்கமுடியாதது எது என்று பகுத்தறிவதுதான் பெற்றோருக்கு வேண்டிய ஞானம். கோபத்தில் தவறவிடக்கூடாது. "அனுபவி!" என்று சொல்லித் தவறவிட்டால் அது தண்டனை. அன்று ராத்திரி நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "நானும் இன்னைக்குத் தூங்கலப்பா" என்றேன். அப்போதுதான் பேசினான்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்த ஒரு ஆராய்ச்சி 2010-ல் வெளிவந்தது. ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கிற அளவுக்கு ஊறுவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று கண்டார்கள். சிலருக்கு 18 நாளில் வந்தது. சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை என்பதும் அதிலே தெரிந்தது. ஜூன் இரண்டாம் வாரம் ஆரம்பித்தால் சுதந்திர தினத்தை ஒட்டி 66 நாள் வரும். ஆகவே பெற்றோரே, ஒரு வாரத்திலே "இவன் திருந்தமாட்டான்" என்று தீர்ப்புச் சொல்லாதிருங்கள்!

ஜெபத்துக்கு எழுப்பலாமா என்று கேட்பீர்கள். குடும்ப ஜெப நேரத்தில் வந்து உட்கார் என்று சொல்லலாம். சொல்லவும் வேண்டும். இருதயத்துக்குக் கட்டளையிட நம்மால் ஆகாது. தானியேல் இளவயதில் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டான். அங்கே அவனை எழுப்பத் தாய் இல்லை, தகப்பன் இல்லை. அவர்களுடைய பெயர்கூட வேதத்தில் எழுதப்படவில்லை. ஆனாலும் முதிர்வயதில் ஆபத்து வந்த நாளிலும், முன் செய்துவந்தபடியே தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டான். அவனைப் பழக்கினது யாராயிருந்தாலும், அந்தப் பழக்கத்தை அவனுக்கே சொந்தமாக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

முடிவாக...

மூத்தவன் என்ன ஆனான் என்று நினைப்பீர்கள். ஒரு வருஷம் போனது போனதுதான். அரியர் எழுதி, பிந்தி முடித்து, இப்போது வேலை பார்க்கிறான். இன்றைக்கும் இரண்டு அலாரம் வைப்பான் என்று சொல்லுகிறான். போன கிறிஸ்மஸுக்கு எல்லாரும் கூடியிருந்தபோது, மகளிடத்தில், "உன்னை நான் எழுப்பினதும் இல்ல, உக்காந்து படிம்மான்னு சொன்னதும் இல்ல. அப்பாவ மன்னிச்சிரும்மா" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "இப்பவாவது தெரிஞ்சுதே" என்று எழும்பிப் போனாள். எழும்பிப் போய்த் தட்டுகளை எடுத்தாள். அப்போது மூத்தவன் அவள் கையிலிருந்து தட்டுகளை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனான்.

பிரியமானவர்களே! இந்த ஜூனில் உங்கள் மகனை ஜெபத்துக்கு முன்னால் நிறுத்தும்போது அவன் கையில் பேனா இருக்கட்டும். வீட்டுக்குப் போனபின் ஒரு டைம்பீஸையும் ஒரு வேலையையும் கொடுங்கள். நாம் எழுப்பப் போகமுடியாத ஒரு அறையில் அவன் ஒரு நாள் தூங்குவான். அங்கே அவன் தானாக எழும்பவேண்டும்.

கர்த்தர் உங்கள் பிள்ளைகளையும், அவர்களுக்கு முன்னே விழித்திருக்கிற தாய்மாரையும் ஆசீர்வதிப்பாராக!

— ஒரு தகப்பன்